எங்கள் வீட்டு மினி, கூப்பர் அல்ல

சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பழைய மினி காரின் படமொன்றைப் போட்டிருந்தோம். பழைய மாணவர்கள் பலர் கீழே ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். “சேர், முன்னுக்கு இருந்த கூப்பர் பேட்ஜ் எங்கே?” களவு போய்விட்டதா என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. களவு போகவில்லை. நாங்களேதான் கழற்றினோம். ஏன் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

‘நாங்கள்’ என்றால் நானாவும் தம்பியும். மூத்தவர் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறார். இளையவருக்குச் சிறு வயதிலிருந்தே நட்டும் ஸ்பெனரும்தான் உலகம். வாப்பா மௌத்தாகிச் சில வருடங்களின் பின், வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த அவரது காரைத் திரும்பவும் ஓட வைப்பதென்று இருவரும் முடிவெடுத்தோம். அது மினி கூப்பர் என்று ஊரே நம்பியிருந்தது. நாங்களும்தான்.

முதலில் மினியின் கதை.

1956 ஜூலையில் எகிப்தின் ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது. அந்த வருடக் கடைசியில் இங்கிலாந்தில் பெற்றோல் பங்கீட்டு முறை வந்தது. 2022 இல் கியூ.ஆர். கோட் காட்டி, வரிசையில் நின்று பெற்றோல் அடித்த எங்களுக்கு அந்த நிலைமையைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. ஆங்கிலேயர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவச் சின்னஞ்சிறு கார்களை வாங்கத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லோர்டுக்கு அது பொறுக்கவில்லை. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், ஆனால் ஒழுங்கான கார் ஒன்றைச் செய்யும்படி அலெக் இசிகோனிஸிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

1959 ஆகஸ்ட் 26 இல் மினி வெளிவந்தது. நீளம் 10 அடிதான். நான்கு பேர் உட்காரலாம். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பொக்ஸை அதன் அடியில், அதே ஒயிலிலேயே ஓட வைத்திருந்தார் இசிகோனிஸ். சில்லுகள் 10 அங்குலம். இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். எஞ்சின் 848 சி.சி., 34 குதிரைவலு. முதலில் செய்த மாதிரிக் கார்களில் 948 சி.சி. எஞ்சின் இருந்தது. அவை மணிக்கு 90 மைலைத் தாண்டி ஓடியதால், சாதாரண மக்களுக்கு இது கூடிப்போன வேகம் என்று எஞ்சினைக் குறைத்தார்கள். ஆக, வேகம் அந்தக் காருக்குள் ஆரம்பத்திலேயே இருந்தது. அதைக் கொஞ்சம் அடக்கித்தான் விற்றார்கள்.

இசிகோனிஸ் 1906 இல் துருக்கியின் இஸ்மிரில், அப்போதைய உஸ்மானியப் பேரரசில் பிறந்த கிரேக்க வம்சாவளியினர். 1922 இல் போர் காரணமாக அந்த நகரத்தை விட்டு வெளியேறிய குடும்பம். அவர் வாலிபனாக இருந்தபோது, 1930களில், ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு பந்தயக் கார் செய்தார். ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ என்று அதற்குப் பெயர். பெரிய பட்டறை எதுவும் இல்லை. வீட்டுக் கராஜில், கை ஆயுதங்களைக் கொண்டு, பல வருடங்கள் செலவழித்துச் செய்தார்கள். ஒஸ்டின் செவன் காரின் பாகங்கள் அதில் இருந்தன. ரப்பர் சஸ்பென்ஷனை அவர் அதிலேயே பரீட்சித்துப் பார்த்துவிட்டார். பின்னால் கோடிக்கணக்கானோர் அறிந்த ஒரு காரின் விதை, சம்பளம் இல்லாத ஓய்வு நேரத்தில், வீட்டுக் கராஜில் போடப்பட்டது.

அடுத்தவர் ஜோன் கூப்பர். லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டனில் தகப்பனும் மகனுமாகக் கராஜ் நடத்தியவர்கள். எஞ்சினைப் பின்னால் வைத்த அவர்களது சிறிய பந்தயக் கார்கள் 1959, 1960 ஆகிய இரண்டு வருடமும் போர்மியூலா வன் உலகப் பட்டத்தை வென்றன. ஓட்டியவர் ஜாக் பிராபம். கூப்பர் மினியை ஓட்டிப் பார்த்தார். வளைவுகளில் அது நிலத்தைப் பிடித்துக்கொண்டு போகும் விதம் அவரை ஆச்சரியப்படுத்தியது. எஞ்சினைப் பலப்படுத்தி, நல்ல பிரேக் போட்டு விற்கலாமே என்றார். இசிகோனிஸுக்கு அதில் ஆர்வம் இல்லை. இது சாதாரண மக்களின் வாகனம், பந்தயத்துக்கு அல்ல என்பது அவரது எண்ணம். கூப்பர் மேலிடத்துக்குப் போய் ஜோர்ஜ் ஹாரிமனைச் சம்மதிக்க வைத்தார். பந்தய விதிகளுக்குத் தேவையான 1000 கார்களைச் செய்வதென்று தீர்மானமானது. கூப்பருக்குக் காருக்கு 2 பவுண் வீதம்.

1961 இல் மினி கூப்பர் வந்தது. 997 சி.சி., இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர், 55 குதிரைவலு, முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். 1963 இல் கூப்பர் எஸ் வந்தது. 1071 சி.சி., 70 குதிரைவலு. 1964 இல் 1275 சி.சி. எஞ்சினுடன் 76 குதிரைவலு. இந்த எஞ்சின்களுக்கு ஆலோசனை கொடுத்தவர்களில் டானியல் ரிச்மண்ட் என்பவரும் இருந்தார். டவுன்டன் என்ற ஊரில் சிறியதொரு பட்டறை வைத்து, சாதாரண மினிகளின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, உட்பாதைகளைத் திருத்தி வேகமாக்கிக் கொடுத்துப் பெயர் எடுத்தவர். சிறிய பட்டறையின் கைவேலை, பெரிய தொழிற்சாலைக்குப் பாடமானது.

1964 மொன்டி கார்லோ ரலியில் பாடி ஹொப்கேர்க், ஹென்றி லிடன் இருவரும் 1071 சி.சி. மினியில் முதலாவதாக வந்தார்கள். இரண்டாவதாக வந்த போர்ட் பால்கனின் எஞ்சின் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். புள்ளி கணக்கிடும் முறையில் சிறிய எஞ்சினுக்குச் சலுகை இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1965 இலும் மினி வென்றது. 1966 இல் முதல் மூன்று இடங்களிலும் மினி. ஆனால் முன் விளக்குகளின் பல்ப் விதிப்படி இல்லை என்று மூன்றையும் நீக்கி, சிட்ரோயன் ஒன்றுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். 1967 இல் மினி திரும்ப வந்து வென்றது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. கார் இறக்குமதி மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும் வரை, நாட்டுக்குள் இருந்த மொரிஸ் மைனர், ஒஸ்டின், பேர்ஜோ, மினி ஆகியவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். தேய்ந்த பாகத்துக்குப் புதியது வராது. லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும், அல்லது பஞ்சிகாவத்தையில் தேடி எடுக்க வேண்டும். அந்த நெருக்கடிக்குள்தான் எங்கள் பாஸ்மாரின் கையும் காதும் தீட்டப்பட்டன. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனார். செய்தவர்களுக்கே அவர்கள் காருக்கான சாமானை நாம் செய்து அனுப்பிய காலம் அது.

பந்தயமும் இருந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1930களிலிருந்து நடந்துவந்தது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் கார்கள் ஓடின. அதில் ஓடிய மினிகளைப் பார்த்துவிட்டு வந்து வாப்பா சொன்ன கதைகளில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

வாப்பா எங்கள் மினியை 1970களின் நடுப்பகுதியில் பாவித்த காராக வாங்கினார். ‘ஸ்ரீ’ இலக்கத் தகடு. கொட்டிலில் வைத்து அவரே எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார். எங்கள் ஏற்றத்தில் மற்ற மினிகள் இரண்டாம் கியருக்கு மாற, அது மூன்றாவதிலேயே ஏறும். கூப்பர் அல்லாமல் வேறு என்னவாக இருக்கும்?

நாங்கள் வேலையைத் தொடங்கியபோது, வாப்பாவின் காலத்து பாஸ் உன்னஹேயை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வயது எண்பதைத் தொட்டுவிட்டது. கண் மங்கல். கதிரையில் உட்கார்ந்து சொல்வார், நாங்கள் செய்வோம். நாங்கள் முதல் நாளே பெரிய கார்பரேட்டர், புதிய கெம் ஷாஃப்ட் என்று பேசத் தொடங்கினோம். அவர் சிங்களத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். முதலில் இருப்பதை அள.

அளந்தோம். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் பார்த்தோம். எண் பெரிதா என்பதைவிட நான்கும் ஒத்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று குறைவாக இருந்தது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தோம். ஒயில் விட்டதும் எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பிழை வால்வில். எங்களுக்கு ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றினோம்.

வால்வு இடைவெளி சரிசெய்யும் முறையை கணித ஆசிரியர்கள் விரும்புவார்கள். எட்டு வால்வுகள். எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் 9. இடைவெளி 12 தவ், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட் இடைவெளி 15 தவ், பிளக்குக்கு 25.

எஸ்.யு. கார்பரேட்டர் ஒரு அதிசயம். ஸ்கின்னர் என்ற சப்பாத்து வியாபாரக் குடும்பத்தின் பிள்ளைகள் செய்தது. ஆரம்ப காலத்தில் அதன் உள்ளே தோல் துருத்தி இருந்தது. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலே எழும்பும். அதோடு கூம்பிப் போகும் ஊசியும் எழும்பும். ஊசி எழும்ப எழும்ப பெற்றோல் கூடும். இரண்டு கார்பரேட்டர் இருந்தால் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். இதற்கு பாஸ் உன்னஹே கேட்டது ஒரு துண்டு ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில், மறு முனையைக் கார்பரேட்டர் வாயில். இரண்டிலும் ‘ஸ்ஸ்’ சத்தம் ஒரே மாதிரிக் கேட்கும் வரை திருகச் சொன்னார். பிறகு பிஸ்டனை இலேசாக, ஒரு மில்லிமீற்றர்கூட வராத அளவுக்கு, மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கண் மங்கிய மனிதர், காதால் அந்த வேலையை முடித்தார்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்யப்பட்டது. எங்கள் நாட்டில் அது 2002 இல் நிறுத்தப்பட்டது. ஈயம் இல்லாத பெற்றோலில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். அதற்குக் கடினமான வளையம் இறுக்கும் வேலையை மெஷின் ஷொப்பில்தான் செய்வித்தோம். பிரேக்கையும் அனுபவமில்லாமல் தொடாதீர்கள். ரப்பர்கள், குழாய்கள், லைனிங் எல்லாம் புதிது போட்ட பிறகுதான் காரை வீதிக்கு எடுத்தோம்.

பிரேக் கழற்றிய அன்றுதான் சந்தேகம் வந்தது. முன்னால் டிரம். கூப்பரில் முன்னால் டிஸ்க் அல்லவா இருக்க வேண்டும்?

பிறகு ஒவ்வொன்றாகத் தேடினோம். கூப்பரின் கியர் பொல்லு கட்டையானது, பின்தள்ளி நிற்கும். எங்களுடையது சாதாரண மினியின் நீண்ட வளைந்த பொல்லு. கூப்பர் எஸ் என்றால் ஹெட்டை இறுக்குவதற்கு மேலதிகமாக ஒரு ஸ்டட்டும் ஒரு போல்ட்டும் இருக்கும். எங்களுடையதில் இல்லை. கூப்பரின் எஞ்சின் இலக்கம் 9எஃப் என்று தொடங்கும். எங்கள் எஞ்சினில் இருந்ததோ 8 இல் தொடங்கும் இலக்கம். கடைசியில் அலுமாரியிலிருந்த ரெஜிஸ்ட்ரேஷன் புத்தகத்தை எடுத்தோம். 848 சி.சி. இத்தனை வருடமும் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

அப்படியானால் அந்த வேகம்? கழற்றிய ஹெட்டைப் பார்த்து பாஸ் உன்னஹே விரலால் தடவிச் சொன்னார். உட்பாதைகள் கையால் ராவப்பட்டிருக்கின்றன. இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் உள்ளே வரும் வழி இரண்டு, வெளியே போகும் வழி மூன்றுதான். பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரு வாசலைப் பங்குபோட வேண்டும். அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் திறந்து விட்டால், எஞ்சின் இலகுவாக மூச்சு விடும். இரட்டைக் கார்பரேட்டர் எம்.ஜி. மிட்ஜெட் ஒன்றிலிருந்து வந்தது. வாப்பாவின் பழைய கொப்பியொன்றில் பஞ்சிகாவத்தையில் வாங்கிய கணக்கும் இருந்தது. அவருக்குத் தான் ஓட்டுவது என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உம்மாவிடம் கேட்டோம். “வாப்பா ஏன் எங்களுக்கு இது கூப்பர் என்று சொன்னார்?”

உம்மா சிரித்தார். “அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லல்ல. ‘கூப்பர் மாதிரி’ என்றுதான் சொல்லுவார். நீங்க ரெண்டு பேரும்தான் ஸ்கூல்ல போய் ‘மாதிரி’ய விட்டுட்டுச் சொன்னீங்க.”

பேட்ஜ்? அதுவும் நாங்கள்தான். தம்பி பதினாறு வயதில் காசு சேர்த்து வாங்கி, ஒரு பெருநாளைக்கு முதல்நாள் ஒட்டியது. வாப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுக்க விரும்பியிருக்க மாட்டார்.

இருபது வருடத்துக்கு மேலாக வகுப்பில் மூலாதாரம், செவிவழிச் செய்தி, போலி ஆவணம் என்று படிப்பித்தவருக்கு, மூன்றும் சொந்தக் கொட்டிலிலேயே கிடைத்தன. போலியைச் செய்தவர்களும் நாங்களே.

இதில் ஒரு சோதனையும் வந்தது. வேலை முடியும் தறுவாயில் கொழும்பிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். கூப்பர் என்று நம்பித்தான் வந்திருந்தார். அவர் சொன்ன தொகை எங்கள் வீட்டுப் பிள்ளையொன்றின் பல்கலைக்கழகப் படிப்பைக் கடைசி வரை பார்த்துக்கொள்ளப் போதுமானது. அந்தக் காசு எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது. “அவர் கேட்டால் மட்டும் சொல்லுவம்” என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் என்று எழுத மாட்டோம். அன்றிரவு இருவருக்கும் நித்திரை இல்லை. குறையை மறைத்து விற்கக் கூடாது என்று சிறு வயதில் ஓதிக்கொடுத்த வீட்டில், அந்த வீட்டின் காரை வைத்தே அதைச் செய்வதா? மறுநாள் ரெஜிஸ்ட்ரேஷன் புத்தகத்தை விரித்துக் காட்டினோம். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாதாரண மினியாக அவருக்கு அது தேவைப்படவில்லை. நட்டம் உண்மையான நட்டம்தான்.

அவர் போன பிறகுதான் ஸ்குரூட்ரைவரை எடுத்துப் பேட்ஜைக் கழற்றினோம். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தபோது, வரலாறு வேறொன்றைச் சொல்வதாகத் தோன்றியது. ஜோன் கூப்பரும் சாதாரண மினியை எடுத்துத்தான் திருத்தினார். டானியல் ரிச்மண்டும் அப்படித்தான். இசிகோனிஸ் வீட்டுக் கராஜில் கையால்தான் தொடங்கினார். பேட்ஜ் பிறகு வந்தது, கைவேலை முதலில் வந்தது. பாகங்கள் கிடைக்காத ஒரு காலத்தில், மலையக ஊரொன்றில், அரத்தையும் ரப்பர் குழாயையும் வைத்துக்கொண்டு வாப்பாவும் பாஸ் உன்னஹேயும் செய்தது அதே வேலைதான். அதற்கு இங்கிலாந்துத் தொழிற்சாலையின் பெயரை ஒட்டினால், இவர்களின் வேலை மறைந்துவிடும். பேட்ஜ் காருக்குக் கூடுதல் மதிப்பைக் கொடுக்கவில்லை. இரண்டு மனிதர்களின் உழைப்பை அழித்துக்கொண்டிருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி திரும்ப நிறுத்தப்பட்டது. 2025 இல்தான் திறந்தது. இந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு ஜப்பான் எஞ்சின் போட்டவர்களும் உண்டு. தினமும் ஓட வேண்டியவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பேட்ஜ் ஒட்டி விற்பவர்களையும் இனிமேல் பெரிதாகத் திட்ட முடியாது, நாங்களும் ஒட்டியவர்கள்தானே. ஆனால் ஒன்றைச் செய்யலாம். உங்கள் வீட்டில் பழைய கார், மோட்டார் சைக்கிள், தையல் மெஷின் எது இருந்தாலும், அதன் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். செய்த பாஸ் உயிரோடு இருந்தால், பக்கத்தில் ஒரு கதிரை போட்டு அவரை உட்கார வையுங்கள். புதிய பாகம் திரும்ப இறக்குமதியாகும். அந்தக் காது இறக்குமதியாகாது.

பேட்ஜ் இப்போது பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்குப் போகிறது. மேசையில் வைத்து, “இது உண்மையா பொய்யா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேட்கிறோம். பிள்ளைகள் நல்ல பதில்கள் சொல்கிறார்கள்.

கார் ஓடுகிறது. மழைக்கு மட்டும் கொஞ்சம் பயம். மினியின் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரிலுக்கு நேர் பின்னால் இருப்பதால், தண்ணீர் அடித்தால் நின்றுவிடும். பாஸ் உன்னஹே சொன்னபடி ஒரு ரப்பர் கையுறையை அதன் மேல் மாட்டியிருக்கிறோம். விரல்களின் நுனியை வெட்டி, அதனூடாக வயர்களை எடுத்திருக்கிறோம். ஊருக்கு வரும் பழைய மாணவர்கள் வந்து பார்க்கலாம். கேட்டால் நாங்கள் சொல்வது ஒன்றுதான். இது கூப்பர் மாதிரி.